விலை குறைந்த பென்ஸ், விலை குறையாத பிரேக்

பத்து வயதான பி.எம்.டபிள்யூ. 5 சீரிஸும் மெர்சிடிஸ் இ-கிளாஸும் சென்னையிலும் கோவையிலும் ஒரு புது ஹேட்ச்பேக்கின் விலைக்குக் கைமாறுகின்றன. வாங்கிய சில மாதங்களில் டாஷ்போர்டில் பிரேக் விளக்கு எரியும். நான்கு சக்கரத்துக்கும் பேடும் டிஸ்கும் மாற்ற வேண்டும் என்று சர்வீஸ் சென்டர் ஒரு எஸ்டிமேட் நீட்டும். அதைப் பார்த்தவர்களில் ஒரு சாரார் சென்னை ஜி.பி. ரோட்டில் கிடைக்கும் மலிவான பேடைத் தேடிப் போகிறார்கள். இன்னொரு சாரார், செலவு செய்வதுதான் செய்கிறோம் என்று ஓட்டை போட்ட பளபளா டிஸ்கை வாங்கி மாட்டுகிறார்கள். இருவருமே தவறான இடத்தில்தான் கணக்குப் போடுகிறார்கள். கார் பழசானால் அதன் விலை இறங்கும். எடை இறங்காது, அது போகும் வேகமும் இறங்காது.

ஆட்களோடு 2 டன் எடையுள்ள காரை 100 கி.மீ. வேகத்திலிருந்து நிறுத்தினால் ஏறத்தாழ 7.7 லட்சம் ஜூல் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். இந்த வெப்பம் சில விநாடிகளில் நான்கு இரும்புத் தட்டுகளுக்குள் இறங்குகிறது. அதிலும் ஏறத்தாழ 70 சதவீதம் முன்சக்கரங்களுக்கு. ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது என்ன ஆகிறது? உயர வித்தியாசம் சுமார் 1,900 மீட்டர். அந்த 2 டன்னைக் கீழே கொண்டுவருவது, 100 கி.மீ. வேகத்திலிருந்து கிட்டத்தட்ட 50 முறை நிறுத்துவதற்குச் சமம். கியரைக் குறைத்து ஓட்டினால் இன்ஜின் அதில் கணிசமான பங்கை வாங்கிக்கொள்ளும். ‘டி’-யில் போட்டுவிட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குபவருக்குப் பெரும்பங்கும் பேடின் தலையில்தான். தரமில்லாத பேடில் பொடிகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பிசின் இந்தச் சூட்டில் தாக்குப்பிடிக்காது. மிதி கெட்டியாகவே இருக்கும், வண்டி நிற்காது. மெக்கானிக்குகள் இதை ‘ஃபேடு’ என்கிறார்கள்.

ஜெர்மன் கார்களில் தொழிற்சாலையிலேயே வரும் பேடு பெரும்பாலும் ‘லோ மெட்டாலிக்’ வகை. கலவையில் எஃகு இழைகள் ஓரளவு இருக்கும். வேகத் தடையில்லாத ஆட்டோபான் சாலைகளை மனதில் வைத்து, அதிவேகத்திலும் அதிகச் சூட்டிலும் பிடிக்கும்படி செய்தது. அந்தப் பிடிக்கு விலை உண்டு. இந்தப் பேடு தானும் தேய்ந்து, டிஸ்கையும் சேர்த்துத் தேய்க்கும். கழுவி இரண்டு நாளில் முன் வீல்கள் கறுத்துப்போவது அந்தத் தூளால்தான். இரண்டு முறை பேடு மாற்றினால் ஒரு முறை டிஸ்கும் மாற்ற வேண்டியிருப்பதும் இதனால்தான். மாருதியிலிருந்தோ டொயோட்டாவிலிருந்தோ வந்தவருக்கு இது ஏமாற்று வேலை போலத் தெரியும். ஏமாற்றல்ல, வடிவமைப்பு அப்படி.

இதற்கு மாற்றாகக் கடைகளில் சொல்லப்படுவது ‘செராமிக்’ பேடு. தூசு குறைவு, சத்தம் குறைவு, டிஸ்கும் அதிக நாள் வரும். அண்ணா சாலை நெரிசலிலேயே காலம் கழிக்கும் காருக்கு, நல்ல நிறுவனத்தின் செராமிக் பேடு முற்றிலும் நியாயமான தேர்வு. மாதம் ஒருமுறை கொடைக்கானலோ ஏற்காடோ ஏறி இறங்குபவர், இரவில் பெங்களூரு நெடுஞ்சாலையில் விரட்டுபவர் பழைய லோ மெட்டாலிக்கிலேயே இருப்பது மேல் என்பது என் கருத்து, வீலைத் துடைத்துக்கொள்ளலாம். எதுவானாலும் முன்னால் ஒரு கலவை, பின்னால் ஒரு கலவை என்று கலக்கக் கூடாது. கலவையை மாற்றுவதென்றால் டிஸ்கையும் சேர்த்து மாற்றுவது உத்தமம். பழைய பேடின் பொருள் டிஸ்கின் முகத்தில் மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். புதுக் கலவைக்கு அது ஒத்துவராது.

பெட்டியைக் கையில் வாங்கியதும் பார்க்க வேண்டியது பிராண்டின் பெயரை அல்ல. பேடின் பின்தகட்டில் ஒரு வட்டத்துக்குள் ஆங்கில ‘இ’ எழுத்தும் ஒரு எண்ணும், அருகில் ‘90 ஆர்’ என்று தொடங்கும் குறியும் இருக்கிறதா என்று பாருங்கள். ‘இ1’ என்றால் ஜெர்மனி, ‘இ4’ என்றால் நெதர்லாந்து; அங்கீகாரம் தந்த நாட்டை அது குறிக்கிறது. இந்த ‘ஆர் 90’ ஐ.நா. விதிப்படி, மாற்றுப் பேடின் திறன் அந்தக் காரின் அசல் பேடிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. குறைவாகப் பிடித்தாலும் தோல்வி, வரம்பு மீறி அதிகமாகப் பிடித்தாலும் தோல்வி. ‘எங்கள் பேடு இரண்டு மடங்கு பிடிக்கும்’ என்று விற்பவரைச் சந்தேகிக்க இதுவே போதும், ஏ.பி.எஸ்ஸும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலும் அசல் பேடின் பிடியை வைத்துக் கணக்கிட்டவை. 2016-க்குப் பின் வந்த புது மாடல்களின் டிஸ்குகளுக்கும் ஐரோப்பாவில் இந்த விதி நீண்டிருக்கிறது.

‘எஃப்எஃப்’, ‘ஜிஜி’ என்று இரண்டு ஆங்கில எழுத்துகளும் சில பேடுகளில் இருக்கும். அமெரிக்கக் குறியீடு இது. முதல் எழுத்து மிதமான சூட்டில் உராய்வுக் குணகம், இரண்டாவது அதிகச் சூட்டில். ‘எஃப்’ என்றால் 0.35 முதல் 0.45 வரை, ‘ஜி’ என்றால் 0.45 முதல் 0.55 வரை. இதைப் பெரிதாக நம்ப வேண்டாம். ஓர் அங்குலச் சதுரத் துண்டை ஆய்வகத்தில் தேய்த்துப் பெறும் எண் அது. உங்கள் காரில் எப்படி நிற்கும் என்று சொல்லாது. பெட்டியில் மூன்று இலைகள் அச்சிட்டிருந்தால் அது செம்பு அநேகமாக இல்லாத கலவை. சாலையிலிருந்து மழைநீரில் ஓடையில் கலக்கும் செம்புத் தூள் மீன்களைப் பாதிக்கிறது என்று கலிபோர்னியா 2010-இல் சட்டம் போட்டது. 2025 முதல் 0.5 சதவீதம்தான் வரம்பு.

அசல் நிறுவனத்தின் பெட்டியில் வரும் பேடை பி.எம்.டபிள்யூ.வோ பென்ஸோ தயாரிப்பதில்லை. டெக்ஸ்டார், ஜூரிட், பாகிட், ஏ.டி.இ., பிரெம்போ போன்ற நிறுவனங்களே செய்து தருகின்றன. அதே நிறுவனங்கள் தங்கள் சொந்தப் பெட்டியிலும் விற்கின்றன. விலை கணிசமாகக் குறைவு. பணத்தை மிச்சம்பிடிக்க நியாயமான இடம் இதுதான். இரு பெட்டிகளுக்குள்ளும் இருப்பது எப்போதும் ஒரே கலவைதான் என்று சொல்ல முடியாது, ஆனால் இரண்டுமே அந்தக் காருக்காகச் சோதிக்கப்பட்டவை. இந்தத் தொழில் சென்னைக்கு அந்நியமானதும் அல்ல. டி.வி.எஸ். குழுமமும் பிரிட்டனின் லூகாஸும் சேர்ந்து தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா 1962 முதல் பாடியில் பிரேக் செய்து வருகிறது. ராணேயும் சுந்தரமும் பிரேக் லைனிங்கில் பழம் பெயர்கள்.

பொருத்தம் பார்ப்பதில்தான் அதிகம் ஏமாறுகிறோம். ‘2015 மாடல் 3 சீரிஸ்’ என்று கேட்டால் கடைக்காரர் ஏதோ ஒன்றைத் தருவார். ஒரே ஆண்டு, ஒரே மாடலில் இன்ஜினுக்கும் பேக்கேஜுக்கும் ஏற்ப இரண்டு மூன்று டிஸ்க் அளவுகள் இருக்கும். 17 இலக்க சேசிஸ் எண்ணைக் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். பி.எம்.டபிள்யூ.வுக்குக் கடைசி 7 இலக்கம் போதும். ஆடியில் டிக்கிக்குள்ளோ சர்வீஸ் புத்தகத்திலோ ஒட்டியிருக்கும் தாளில் உள்ள ‘பி.ஆர்.’ குறியீடு பிரேக் வகையைச் சொல்லிவிடும்.

இனி டிஸ்க். ‘லேத்தில் கொடுத்து லேசாக மழித்துப் போட்டால் போதும் சார்’ என்பது ஷெட்டுகளில் அடிக்கடி கேட்கும் யோசனை. டிஸ்கின் ஓரத்திலோ நடுக்கிண்ணத்திலோ குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருப்பார்கள். பி.எம்.டபிள்யூ. முன்டிஸ்க் ஒன்று புதிதில் 24 மி.மீ. என்றால் குறைந்தபட்சம் 22.4. இரண்டு பக்கமும் சேர்த்து 1.6 மி.மீ.தான் மொத்த ஆயுள். ஒரு செட் பேடிலேயே பாதி தேய்ந்திருக்கும். மீதியை லேத் தின்றால் போட்ட முதல் மாதத்திலேயே எல்லைக்கு வந்துவிடும். அளக்கும்போதும் கவனம் தேவை. டிஸ்கின் விளிம்பில் பேடு படாத இடம் வரப்பு போல நிற்கும். வெர்னியரைக் குறுக்கே வைத்தால் அந்த வரப்பைத்தான் அளக்கும். மைக்ரோமீட்டர் வேண்டும், நாலைந்து இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் உதறுகிறது என்றால் ‘டிஸ்க் வளைந்துவிட்டது’ என்று தீர்ப்பு வரும். இரும்பு டிஸ்க் உண்மையில் வளைவது அபூர்வம். ஹப்பில் துருவோ தூசியோ ஒட்டியிருக்கும்போது அதன் மேலேயே புது டிஸ்கை மாட்டினால், அது இம்மியளவு சாய்ந்து சுழலும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பேடில் உரசி, சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்த இடம் மட்டும் மெலியும். அல்லது சூடான டிஸ்கில் பேடு ஒரே இடத்தில் அழுந்திப் பொருள் ஒட்டிக்கொள்ளும். இரண்டிலும் பழி விழுவது புது டிஸ்கின் மேல். ஹப்பைக் கம்பி பிரஷ் போட்டுச் சுத்தம் செய்வதும், வீல் போல்ட்டை டார்க் ரெஞ்சால் சரியான அளவுக்கு முறுக்குவதும் அரை மணி நேர வேலைகூட அல்ல. செய்யும் ஷெட்டுக்குப் பத்து கிலோமீட்டர் கூடுதலாகப் போகலாம்.

ஓட்டை போட்ட டிஸ்க் எதற்கு? பழைய கலவைகள் சூட்டில் வெளியிட்ட வாயு தப்பிக்க வழிசெய்ததில் தொடங்கிய வழக்கம். இன்றைய பேடுகளில் அந்தப் பிரச்சினை பெரும்பாலும் இல்லை. போர்ஷே போன்ற நிறுவனங்கள் கணக்குப் பார்த்துச் செய்யும் ஓட்டை வேறு. சாதா டிஸ்கில் டிரில்லிங் மெஷின் வைத்துப் போட்ட ஓட்டை வேறு. பின்னதில் ஓட்டையைச் சுற்றி விரிசல் விடும். அந்தப் பணத்துக்குக் கார்பன் அதிகமுள்ள, துருப் பூச்சு கொடுத்த டிஸ்க் வாங்கலாம். கடற்காற்று அடிக்கும் திருவான்மியூரிலோ தூத்துக்குடியிலோ பூச்சில்லாத டிஸ்கின் கிண்ணம் மாதங்களிலேயே சிவந்துவிடும்.

கார்பன் செராமிக் டிஸ்கோடு செராமிக் பேடைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 2001-இல் வந்த போர்ஷே 911 ஜிடி2-வில் கார்பன் செராமிக் டிஸ்க் வழக்கமாகவே பொருத்தப்பட்டது. எடை இரும்பில் பாதிதான். ஆனால் தேய்மானத்தைத் தடிமனை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. கழற்றி எடை போட்டுப் பார்க்கிறார்கள், குறைந்தபட்ச எடை டிஸ்கிலேயே இருக்கும். ஒரு செட்டின் விலைக்குப் புதுக் கார் ஒன்று வாங்கலாம். பழைய போர்ஷே பார்க்கப் போனவர் சக்கரத்துக்குள் அதன் அடையாளமான மஞ்சள் கேலிப்பரைக் கண்டால், விலை பேசும் முன் அந்த டிஸ்குகளின் நிலையைக் கேட்டுவிட வேண்டும்.

மாட்டும் வேலையில் மூன்று விஷயம். பேடு தேய்ந்ததைச் சொல்லும் சென்சார் கம்பி ஒருமுறை உரசி அறுந்தால் புதிதுதான், பி.எம்.டபிள்யூ.வில் வழக்கமாக முன் இடமும் பின் வலமும் ஒவ்வொன்று இருக்கும். எலெக்ட்ரிக் ஹேண்ட்பிரேக் உள்ள காரில் ஸ்கேனரை மாட்டி சர்வீஸ் மோடுக்குக் கொண்டுபோகாமல் பின்பிஸ்டனை அழுத்தித் தள்ளினால் மோட்டார் போய்விடும். 2002-இல் வந்த இ-கிளாஸில் உள்ள சென்சோட்ரானிக் பிரேக் இதைவிட ஆபத்து: முறைப்படி செயலிழக்கச் செய்யாவிட்டால் தானாக அழுத்தம் ஏற்றிக் கேலிப்பருக்குள் இருக்கும் விரலை நசுக்கிவிடும்.

பல லட்சம் கொடுத்துக் கார் வாங்கியவர்கள் சில நூறு ரூபாயில் கோட்டை விடுவது பிரேக் ஆயிலில். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகைக்குப் புதிதில் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறியபின் வரையறை 155 டிகிரிதான். மலையிறக்கத்தில் அது கொதித்து ஆவியானால் மிதி தரைவரை போகும், எந்த பிராண்டு பேடும் காப்பாற்றாது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது சர்வீஸ் சென்டரின் தந்திரம் அல்ல.

வேலை முடிந்ததும் வண்டியை நகர்த்தும் முன் மிதியைப் பலமுறை அழுத்திக் கெட்டியாக்க வேண்டும்; பிஸ்டன் பின்வாங்கி இருப்பதால் முதல் மிதியில் ஒன்றும் பிடிக்காது. பிறகு ஆளில்லாத சாலையில் 80 கி.மீ.-இலிருந்து 20 வரை மிதமாகக் குறைப்பது, மீண்டும் வேகமெடுப்பது என எட்டு பத்து முறை. முழுதாக நிறுத்திக் காலை அழுத்தியபடி நிற்கக் கூடாது. அடுத்த இருநூறு முந்நூறு கிலோமீட்டருக்கு அவசரம் வந்தாலொழியச் சடன் பிரேக் வேண்டாம், மலைப்பயணமும் வேண்டாம்.