போசணை மாத்திரைகள்: கிடைத்தும் உட்கொள்ளப்படாதது ஏன்?

மாணவர்களே, இலங்கையில் இரும்பு, போலிக்கமிலம், கல்சியம், விற்றமின் சி ஆகிய மாத்திரைகள் அரசாங்கக் கர்ப்பவதிக் கிளினிக்குகளில் இலவசமாக வழங்கப்படுகின்றன. எனினும் மாத்திரையைப் பெற்றுக்கொள்வதும் அதனை நாள்தோறும் உட்கொள்வதும் ஒன்றல்ல. இவ்விடைவெளிக்கான காரணிகளை இங்கு நோக்குவோம்.

முக்கியத்துவம்

கர்ப்ப காலத்தில் தாயின் குருதிக் கனவளவு அதிகரிக்கின்றது. வளரும் சிசுவுக்கும் இரும்பு தேவைப்படுகின்றது. இத்தேவையை உணவினால் மட்டும் நிறைவுசெய்வது கடினம். கர்ப்பிணியின் ஈமோகுளோபின் 100 மில்லிலீற்றர் குருதியில் 11 கிராமிலும் குறையுமாயின் அது குருதிச்சோகை எனப்படும். இந்நிலையில் பிரசவத்தின்போது ஏற்படும் குருதிப்பெருக்கு தாயின் உயிருக்கே ஆபத்தாகலாம். குழந்தை 2.5 கிலோகிராமிலும் குறைந்த நிறையுடன் பிறக்கவும் கூடும்.

செல்வாக்குச் செலுத்தும் காரணிகள்

1. பக்க விளைவுகள்: இரும்பு மாத்திரையால் குமட்டல், மலச்சிக்கல் ஏற்படலாம். மலம் கறுப்பாவது தீங்கற்றது. இதனை முன்கூட்டியே அறியாத தாய் பயந்து மாத்திரையை நிறுத்திவிடுவார்.

2. அறிவு: குருதிச்சோகை படிப்படியாகவே ஏற்படும். அதனால் உண்டாகும் களைப்பைக் கர்ப்பத்தின் இயல்பு எனக் கருதி, "வருத்தம் இல்லை, மருந்து எதற்கு?" எனச் சிலர் எண்ணுவர்.

3. தவறான நம்பிக்கை: மாத்திரையால் குழந்தை பெருத்துப் பிரசவம் கடினமாகும் எனும் அச்சம்.

4. குடும்பம்: கணவரும் மாமியாரும் நினைவூட்டினால் தாய் தவறாது உட்கொள்வார். அவர்கள் தடுத்தால் கைவிடுவார்.

5. சேவையும் பொருளாதாரமும்: கிளினிக் தொலைவில் இருப்பதும், அங்கு செல்வதால் நாட்கூலி இழக்கப்படுவதும் தடைகளாகும். குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து விளக்குவது பேருதவியாகும்.

உட்கொள்ளும் முறை

இரும்பு மாத்திரையுடன் விற்றமின் சி எடுத்தால் அகத்துறிஞ்சல் கூடும். தேநீரிலுள்ள தனின் அதனைக் குறைக்கும். கல்சியமும் இரும்பின் அகத்துறிஞ்சலைத் தடுப்பதால் இரண்டையும் வெவ்வேறு நேரங்களில் உட்கொள்ள வேண்டும். குமட்டல் இருப்பின் இரவு உணவின் பின் உட்கொள்ளலாம். எனினும் வைத்திய ஆலோசனையின்றி நிறுத்தலாகாது.

பரீட்சைக் குறிப்பு

காரணிகளை எழுதும்போது "தாயின் கவனக்குறைவு" என ஒரே சொற்றொடரில் விடையை முடித்துவிடாதீர்கள். மேலேயுள்ள ஐந்தில் நான்கு, பிறரது உதவியால் இலகுவில் நீங்கக்கூடியவை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு காரணிக்கும் எதிரே ஒரு தீர்வையும் எழுதிப் பழகுங்கள். உங்கள் வீட்டில் கர்ப்பிணி ஒருவர் இருப்பின், இன்றிரவு அவருக்கு மாத்திரையை நினைவூட்டுவதும் அத்தகைய ஒரு தீர்வே.