‘என் சுபாவமே இப்படித்தான்’: பதின்பருவத்தின் பதற்றமும் மாறக்கூடிய மனமும்

பதின்பருவத்துப் பிள்ளைகள் தங்கள் மனக்கஷ்டத்தை நோயின் பெயரில் சொல்வது அபூர்வம். “யாருக்கும் என்னைப் பிடிக்காது”, “நான் வேஸ்ட்”, “நாலு பேர் முன்னாடி பேசணும்னா கை நடுங்கும், சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்” என்றுதான் சொல்வார்கள். காது கொடுத்துக் கேட்டால் இந்தப் பேச்சில் இரண்டு விஷயங்கள் ஒட்டிக்கிடப்பது தெரியும். இன்று படுகிற வேதனை ஒன்று. அந்த வேதனை இனி எப்போதும் போகாது என்று தனக்குத் தானே எழுதிக்கொண்ட தீர்ப்பு இன்னொன்று. பல பிள்ளைகளைப் படுக்கையை விட்டு எழவிடாமல் செய்வது அந்தத் தீர்ப்புதான்.

உலகில் 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் ஏழு பேருக்கு ஒருவர் ஏதோ ஒரு மனநலக் கோளாறுடன் வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. இந்தியாவில் பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 7.3 சதவீதத்தினருக்கு இத்தகைய கோளாறு இருப்பதாகச் சொன்னது. இவர்களில் மிகப் பலர் ஆலோசகரின் வாசலைக்கூட மிதிப்பதில்லை. பணம், தூரம், ‘பைத்தியம்னு சொல்லிடுவாங்க’ என்ற பயம், எல்லாமே தடை. சின்னதாக, செலவில்லாமல், வெட்கப்படாமல் பெறக்கூடிய உதவி ஏதாவது உண்டா என்று உளவியலாளர்கள் தேடியதன் விளைவுகளில் ஒன்றுதான் ‘வளர்ச்சி மனப்பான்மை’யைப் பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் பயன்படுத்திப் பார்க்கும் முயற்சி.

ஒரு நம்பிக்கை எப்படி நோயை வளர்க்கிறது

வளர்ச்சி மனப்பான்மை என்ற கருத்தைப் பரவலாக்கியவர் அமெரிக்க உளவியலாளர் கரோல் டுவெக். அறிவு பிறவியிலேயே அளந்து கொடுக்கப்பட்டது என்று நம்பும் பிள்ளைகளும், உழைப்பாலும் உதவியாலும் அது வளரும் என்று நம்பும் பிள்ளைகளும் தோல்வியை வேறு வேறு விதமாக எதிர்கொள்கிறார்கள் என்று அவர் காட்டினார். முதலில் இது படிப்பைப் பற்றிய ஆராய்ச்சிதான். சுபாவத்தையும் உணர்ச்சிகளையும் பற்றி ஒரு பிள்ளை என்ன நம்புகிறது என்ற கேள்வி பிறகுதான் வந்தது. என் பார்வையில் மதிப்பெண்ணைவிட முக்கியமான கேள்வி இது.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். வகுப்பில் எழுந்து பாடம் வாசிக்கும்போது நாக்கு குழறுகிறது. பின்வரிசையில் யாரோ சிரிக்கிறார்கள். இது யாருக்கும் நடக்கக்கூடியதுதான். ஆனால் ‘என் சுபாவமே இப்படித்தான்’ என்று நம்புகிற பெண்ணுக்கு அந்தச் சிரிப்பு அன்றோடு முடிவதில்லை. தன்னைப் பற்றிய உண்மை வெளியே வந்துவிட்டதாக அவள் எடுத்துக்கொள்கிறாள். மறுநாள் காலையில் வயிற்றுவலி. அது நடிப்பல்ல, பதற்றத்தில் வயிறு உண்மையாகவே வலிக்கும். அம்மா லீவு போடச் சொல்கிறாள். பத்து மணிக்குள் வலி போய்விடுகிறது. போகாமல் இருந்ததால் தப்பித்தோம் என்ற நிம்மதியை மூளை குறித்துவைத்துக்கொள்கிறது. அடுத்த முறை வயிறு இன்னும் சீக்கிரமாக வலிக்கும்.

இப்படித் தவிர்க்கத் தவிர்க்கப் பதற்றம் பெருகும். மறுபடி எழுந்து வாசித்திருந்தால் ஒருவேளை யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். சிரித்தாலும் அதைத் தாங்க முடிகிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். அந்த அனுபவம் கிடைக்க வழியே இல்லாமல் போகிறது. நாளடைவில் தோழிகள் குறைகிறார்கள், பிடித்த விளையாட்டு நின்றுபோகிறது, மனச்சோர்வு உள்ளே வருகிறது. மாற முடியாது என்ற நம்பிக்கை, தன்னை நிரூபிக்கும் சாட்சியங்களைத் தானே உருவாக்கிக்கொள்கிறது.

அரை மணி நேரத்தில் என்ன கற்றுக்கொடுக்க முடியும்?

உளவியலாளர்கள் ஜெசிகா ஷ்லைடரும் ஜான் வைஸும் ‘மாற முடியாது’ என்ற நம்பிக்கையில் தொடங்கும் இந்த வளையத்தின் தொடக்கத்திலேயே கைவைத்துப் பார்த்தார்கள். பதற்றமோ சோர்வோ கூடுதலாக இருந்த 12 முதல் 15 வயது வரையிலான 96 பேரிடம் அவர்கள் நடத்திய ஆய்வு 2018இல் வெளியானது. ஒரு பகுதியினர் கணினியின் முன் உட்கார்ந்து வளர்ச்சி மனப்பான்மை பற்றி ஏறத்தாழ அரை மணி நேரப் பாடம் ஒன்றை முடித்தார்கள். மற்றவர்களுக்கு, உணர்ச்சிகளை மனம்விட்டுச் சொல்ல ஊக்கப்படுத்தும் ஒரு அமர்வு. ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தபோது, மனப்பான்மைப் பாடம் படித்தவர்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் கூடுதலாகக் குறைந்திருந்தன. பிள்ளைகளும் சொன்னார்கள், பெற்றோரும் சொன்னார்கள்.

அந்தப் பாடத்தில் மந்திரம் எதுவும் இல்லை. எண்ணமும் உணர்ச்சியும் நடத்தையும் மூளையில் உருவாகின்றன, மூளை அனுபவத்தால் மாறுகிறது என்று எளிய அறிவியல் விளக்கம் வரும். இதே மாதிரிக் கஷ்டத்தைக் கடந்து வந்த, சற்று மூத்த பிள்ளைகள் தங்கள் கதையைச் சொல்வார்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி கடைசியில் வருவது. புறக்கணிப்பிலோ தோல்வியிலோ துவண்டு போயிருக்கும் இன்னொரு பிள்ளைக்கு, கற்றுக்கொண்டதை வைத்து ஆறுதலும் யோசனையும் சொந்த வார்த்தையில் எழுத வேண்டும். உதவி பெற வந்த பிள்ளை அங்கே உதவி செய்பவளாகிறாள். பெரியவர்கள் சொன்னால் ‘அட்வைஸ்’ என்று தள்ளிவிடும் வயதில், தன் கையால் எழுதியதைத் தள்ளிவிட முடிவதில்லை.

கோவிட் காலத்தில் ஷ்லைடர் குழு இதையே இணையவழியில் 2,452 அமெரிக்கப் பிள்ளைகளிடம் சோதித்து 2022இல் முடிவை வெளியிட்டது. இம்முறை இரண்டு பாடங்கள். ஒன்று, ‘சுபாவம் மாறும்’ என்பது. இன்னொன்று, மனம் வராவிட்டாலும் தனக்கு மதிப்பான சின்னக் காரியங்களைச் செய்யத் தொடங்குவது. மூன்று மாதம் கழித்து இரண்டுமே ஏறத்தாழ ஒரே அளவு மனச்சோர்வைக் குறைத்திருந்தன. நம்பிக்கை மாறினால் செயல் மாறும், செயல் மாறினாலும் நம்பிக்கை மாறும். எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினாலும் தவறில்லை என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

நம் ஊர்களுக்கு நெருக்கமான உதாரணம் கென்யாவில் கிடைக்கிறது. அங்கே ‘ஷமிரி’ என்ற திட்டத்தில், பள்ளிப் படிப்பை அண்மையில் முடித்த இளைஞர்களுக்குச் சிறிது பயிற்சி கொடுத்து, வாரம் ஒரு மணி நேரமாக நான்கு வாரம் மாணவர் குழுக்களை நடத்தச் சொன்னார்கள். வளர்ச்சி மனப்பான்மையோடு நன்றியுணர்வும், தனக்கு எது முக்கியம் என்று யோசிப்பதும் சேர்ந்த பாடம். மனச்சோர்வோ பதற்றமோ இருந்த 413 மாணவர்களிடம் நடந்த அந்த ஆய்வு 2021இல் வெளியானது. ஒப்பீட்டுக்காகப் படிப்புத் திறன் வகுப்பு பெற்றவர்களைவிட இவர்களிடம் இரண்டுமே அதிகம் குறைந்தன. ஏழு மாதம் கழித்தும் அந்த வேறுபாடு நீடித்தது. மனநல மருத்துவர்கள் அரிதாக இருக்கும் ஒரு நாட்டில், பக்கத்து வீட்டு அண்ணன், அக்கா வயதுள்ளவர்கள் செய்து காட்டிய வேலை இது.

சராசரியாகப் பார்த்தால் பலன் சிறியதுதான். பெரிய இணையவழி ஆய்வில் அது இன்னும் சிறியது. கடும் மனச்சோர்வை அரை மணி நேரப் பாடம் குணப்படுத்திவிடும் என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் எந்த உதவியும் எட்டாத ஒரு பிள்ளைக்கு, வீட்டிலிருந்தபடி, யாருக்கும் தெரியாமல், ஒரு சிறு பலன் கிடைப்பதை நான் அற்பமாக நினைக்கவில்லை.

மூளை மாறும் என்பது வெறும் ஆறுதலா?

இல்லை. லண்டன் டாக்சி ஓட்டுநர்கள் அந்த நகரின் ஆயிரக்கணக்கான தெருக்களை மனப்பாடமாக அறிந்து தேர்வில் தேற வேண்டும். இடங்களை நினைவில் வைக்க உதவும் ஹிப்போகாம்பஸ் பகுதியின் பின்புறம் அவர்களுக்குப் பெரிதாக இருப்பதை எலினோர் மகுவயர் குழு 2000இல் கண்டது. பயிற்சி பெறுவோரைத் தொடர்ந்து கவனித்த 2011ஆம் ஆண்டு ஆய்வு, தேர்ச்சி பெற்றவர்களிடம் அந்த வளர்ச்சி பயிற்சிக் காலத்தில்தான் நடந்தது என்று காட்டியது. அவர்களெல்லாம் வளர்ந்த மனிதர்கள். பதின்பருவ மூளையோ இன்னும் கட்டுமானத்தில் இருக்கிறது. திட்டமிடவும் உணர்ச்சியை அடக்கியாளவும் உதவும் முன்மூளைப் பகுதி இருபதுகளின் நடுவில்தான் முதிர்ச்சி பெறுகிறது. பதினான்கு வயதில் தெரியும் பயத்தையும் கோபத்தையும் பார்த்து ஒருவரின் குணத்தை முடிவு செய்வதற்கு அறிவியலில் ஆதாரம் இல்லை.

வீட்டில் புழங்கும் சொற்கள்

‘தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்’, ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா’ என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். நல்ல பழக்கத்தைச் சீக்கிரம் கற்றுக்கொடுக்கச் சொன்ன பழமொழிகள்தான். ஆனால் தவித்துக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளையின் முன்னால் சொன்னால் அவை தண்டனை ஆகிவிடுகின்றன. “அவ பயந்தாங்கொள்ளி”, “இவன் அப்படியே அவங்க அப்பா, முணுக்குனா கோபம்” என்று விருந்தாளிகளிடம் சிரித்துக்கொண்டே அறிமுகப்படுத்துகிறோம். கதவுக்குப் பின்னால் நிற்கும் பிள்ளை அதைத் தன் பெயரைப்போல எடுத்துக்கொள்கிறது.

புகழ்ச்சியிலும் இந்தச் சிக்கல் உண்டு. கிளாடியா முல்லரும் டுவெக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வுகளில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் புதிர்களை விடுவித்ததும் சிலரை ‘நீ புத்திசாலி’ என்றும் சிலரை ‘நன்றாக உழைத்தாய்’ என்றும் பாராட்டினார்கள். அடுத்து வந்த கடினமான புதிர்களில் தோற்ற பிறகு, புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்கள்தான் சீக்கிரம் உற்சாகம் இழந்தார்கள். ‘டாப்பர்’ என்று ஊரே கொண்டாடிய பிள்ளை, பதினொன்றாம் வகுப்பின் முதல் தேர்வில் மதிப்பெண் குறைந்ததும் அறைக்குள் முடங்குவதை இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

அப்படியானால் என்ன பேசுவது? “ஸ்கூலுக்குப் போகப் பயமா இருக்கும்மா” என்று பிள்ளை சொன்னால், “இதுக்கெல்லாம் போய் பயப்படலாமா” என்று அடைக்க வேண்டாம். “எந்த நேரத்துல ரொம்பப் பயமா இருக்கு கண்ணு?” என்று கேட்கலாம். பதில் வந்ததும் தீர்வை அள்ளிக் கொட்ட வேண்டியதில்லை. “போன வருஷம் புது ஸ்கூல்ல சேர்ந்தப்போகூட இப்படித்தானே இருந்துச்சு, அப்புறம் எது உனக்கு உதவுச்சு?” என்ற கேள்வி, மாற்றம் ஏற்கெனவே ஒருமுறை நடந்திருக்கிறது என்பதை அவளையே நினைக்க வைக்கும். பிறகு மிகச் சிறிய ஒரு படி: முழு வகுப்பின் முன் வாசிப்பதற்கு முன்னால், ஒரு தோழியிடம் வாசித்துக் காட்டுவது. அது சரியாக வராவிட்டாலும் செய்தாள் என்பதே கணக்கு.

இன்னொன்றும் செய்யலாம். அப்பா அம்மா தங்கள் பதற்றத்தை மறைக்காமல், அதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பேசலாம். பெரியவர்களும் மாறிக்கொண்டிருக்கிறார்கள் என்று பிள்ளை நேரில் பார்ப்பது எந்த அறிவுரையைவிடவும் வலுவானது.

‘முயற்சி பண்ணா சரியாயிடும்’ என்பது இதுவல்ல

இங்கேதான் எனக்குப் பெரிய கவலை. ‘மனசு வெச்சா மாறலாம்’ என்ற பேச்சு, மாற முடியாமல் தவிக்கும் பிள்ளையிடம் ‘நீ மனசு வைக்கல’ என்ற குற்றச்சாட்டாகப் போய்ச் சேரும். மனச்சோர்வு முதலில் பறிப்பதே முயற்சிக்கான தெம்பைத்தான். பல் துலக்குவதே மலையாகத் தெரியும் நாளில், உழைப்பின் பெருமையைப் பேசுவது கொடுமை. மாற்றம் சாத்தியம் என்பதும், அதை நீயே தனியாகச் செய்தாக வேண்டும் என்பதும் வேறு வேறு. மருந்து, சிகிச்சை, நண்பர்கள், தூக்கம், காலம், இவை எல்லாமே மாற்றும் சக்திகள்தான். உதவி கேட்பதும் முயற்சியில் சேர்த்திதான்.

சில நேரம் மாற வேண்டியது பிள்ளை அல்ல. வகுப்பில் சாதிப் பெயர் சொல்லிச் சீண்டுகிறார்கள், உடல் தோற்றத்தைக் கேலி செய்கிறார்கள், வீட்டில் குடித்துவிட்டு அடிக்கிறார்கள் என்றால் மனப்பான்மைப் பாடம் எடுப்பது அநியாயம். முதலில் அதை நிறுத்த வேண்டும்.

பெரிய அமைப்புகளும் இதில் ஏதாவது செய்ய முடியும். பிளஸ் டூ முடிவுகளில் மாநில ரேங்க் அறிவிப்பதை 2017இல் தமிழக அரசு நிறுத்தியது. தேர்வில் தவறியவர்கள் ஒரு வருடத்தை இழக்காமல் உடனடித் துணைத்தேர்வு எழுதும் ஏற்பாடு அதற்கு முன்பே வந்தது. சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகா இந்தத் துணைத்தேர்வுக்காகக் குரல் கொடுத்தது. தோற்ற பிள்ளைக்கு ‘உன் கதை முடியவில்லை’ என்று வாயால் சொல்வதைவிட, சில வாரத்தில் மறுதேர்வுக்கான ஹால் டிக்கெட்டைக் கையில் கொடுப்பது மேல்.

எப்போது மருத்துவரிடம் போவது

சோகமோ எரிச்சலோ இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் நீடித்தால், பிடித்த விஷயங்களில் நாட்டம் போனால், தூக்கமும் பசியும் தலைகீழானால், பள்ளிக்குப் போவதே நின்றால், கையைக் கீறிக்கொள்வது போன்ற காயங்கள் தெரிந்தால் காத்திருக்கக் கூடாது. பதின்பருவத்தில் மனச்சோர்வு அழுகையாக வராமல் எரிந்து விழும் கோபமாகவும் வரும். ‘திமிர்’ என்று தள்ளிவிட வேண்டாம். சாவைப் பற்றிய எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக விதைக்கப்படுவதில்லை, உள்ளே இருப்பதை இறக்கிவைக்க ஒரு வழி கிடைக்கும். ‘ஆமாம்’ என்று பதில் வந்தால் பிள்ளையைத் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

எண்ணத்தையும் நடத்தையையும் படிப்படியாக மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை இந்த வயதில் நன்கு பயன்படுகிறது. தேவைப்பட்டால் மருத்துவர் மாத்திரையும் தருவார். அதை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

மத்திய அரசின் டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். வீட்டிலோ வெளியிலோ துன்புறுத்தல் என்றால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926. பிள்ளை பேச மறுத்தால் பெற்றோரோ ஆசிரியரோ முதலில் அழைத்து, எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று கேட்டுக்கொள்ளலாம்.