ஓடுகிற டிராமும் நிற்கிற டிராமும்

எங்க தாத்தா அருப்புக்கோட்டையிலிருந்து சேலை மூட்டையோட மெட்ராஸ் போய் வந்தவர். திருச்சுழிப் பக்கத்துச் சொந்தக்காரங்ககிட்ட அவர் திரும்பத் திரும்பச் சொன்னது கடலைப் பத்தி இல்லை, டிராமைப் பத்தி. "நடுரோட்டுல தண்டவாளம். புகையே இல்லாம ஒத்தை ரயிலுப்பெட்டி மணியடிச்சுக்கிட்டு வருது"ன்னு சொல்வாராம். கரிசக்காட்டு ஊர்கள்ல லாந்தர் விளக்கு எரிஞ்ச காலம். யாரும் நம்பலை.

அவர் சொன்னது நிஜம். மெட்ராஸில் 1895 மே 7 அன்று ஓடத் தொடங்கியதுதான் இந்தியாவின் முதல் மின்சார டிராம். கல்கத்தாவில் 1873-லேயே டிராம் வந்துவிட்டது. ஆனால் அதை இழுத்தது குதிரை. அங்கே மின்சாரம் வர 1902 ஆயிற்று. மெட்ராஸில் முதலில் தலைக்கு மேலே கம்பியே கிடையாது. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் ஒரு பிளவு, அதற்கடியில் மின்கம்பி. ஐப்பசி கார்த்திகை மழையில் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிற்காமல் என்ன செய்யும்? அதனால் பிறகு மேல்கம்பிக்கு மாறினார்கள். 1921-ல் 24 கிலோமீட்டர் பாதையில் 97 வண்டிகள் ஓடின. 1950 வாக்கில் கம்பெனி நொடித்துப்போனது. 1953 ஏப்ரல் 12-ல் டிராம் நின்றது.

இன்றைக்குச் சென்னையில் ஏறி உட்கார்ந்து ஒரு ஃபர்லாங் போய்வர அந்தக் காலத்து டிராம் ஒன்றுகூட இல்லை. எனக்கு உறுத்துவது இதுதான். ஏன்னா, அதே காலத்தில் வேறு ஊர்களில் வேறு மாதிரி நடந்திருக்கிறது.

1939-ல் அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் ரயில் பைத்தியம் பிடித்த சிலர், கழித்துக்கட்டப்பட இருந்த 31-ஆம் எண் டிராமை 150 டாலருக்கு வாங்கினார்கள். அதுதான் இன்றைய சீஷோர் டிராலி மியூசியத்தின் முதல் வண்டி. 1948-ல் இங்கிலாந்தின் சவுத்தாம்டனில் 45-ஆம் எண் டிராமுக்கு அதேபோல ஒரு கூட்டம் கொடுத்த விலை வெறும் 10 பவுண்டு. வாங்கிவிட்டார்கள், நிறுத்த இடமில்லை! 1959-ல்தான் டெர்பிஷயரில் கிரிச் என்ற ஊரில் கைவிடப்பட்ட ஒரு சுண்ணாம்புக்கல் குவாரி கிடைத்தது. தண்டவாளம் போட்டு, கம்பி இழுத்து, 1964-ல் மின்சார டிராமை ஓட்டினார்கள். அங்கே நுழைவுச்சீட்டோடு ஒரு பழைய பென்னிக் காசு தருவார்கள். அதைக் கண்டக்டரிடம் கொடுத்து டிக்கெட் வாங்கிக்கொள்ளலாம்.

சும்மா நிறுத்திவைத்தால் போதாதா, ஏன் ஓட்டவேண்டும்? எங்க ஊர்க்காரங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். குழித்தறியை வீட்டு மூலையில் அழகாகத் துடைத்து வைக்கலாம். ஆனால் மிதிக்கிற கால் இல்லாவிட்டால் அது வெறும் மரச்சட்டம். டிராமும் அப்படித்தான்.

ஓட்டுநருக்கு ஸ்டியரிங் இல்லை. ஒரு கையில் கன்ட்ரோலர் கைப்பிடி, மறு கையில் பிரேக். மேல்கம்பியில் ஏறத்தாழ 550, 600 வோல்ட் நேர்மின்சாரம். கூரை மேல் இருக்கிற நீண்ட கழி அதை வாங்கி மோட்டாருக்குக் கொடுக்க, அது சக்கரம் வழியாகத் தண்டவாளத்தில் இறங்கித் திரும்பிப் போகிறது. கிளம்பும்போது இரண்டு மோட்டாரும் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்திருக்கும். நடுவே மின்தடைகளும் உண்டு. கைப்பிடியை ஒவ்வொரு படியாக நகர்த்த நகர்த்தத் தடைகள் விலகும். பிறகு மோட்டார்கள் பக்க இணைப்புக்கு மாறி வேகம் கூடும். அவசரப்பட்டால் வண்டி வெட்டி இழுக்கும், இல்லாவிட்டால் பிரேக்கர் 'டப்'பென்று விழும். எந்தப் படியில் எத்தனை நேரம் நிற்பது என்பதை மோட்டாரின் சத்தத்தை வைத்துத்தான் பழகவேண்டும். அந்தச் சத்தம் நிற்கிற வண்டியில் வராது.

ஓடுகிற வண்டிக்குச் சக்கரம் தேயும், கன்ட்ரோலருக்குள் செம்புத் தொடுமுனைகள் கருகும், மர உடம்பு உளுக்கும். கடையில் உதிரிபாகம் கிடைக்காததால் வார்ப்பு, கடைசல், தச்சு என்று எல்லா வேலையும் தெரிந்தவர்கள் வேண்டியிருக்கிறது. வண்டியோடு சேர்ந்து காப்பாற்றப்படுவது இந்தக் கைவேலையும்தான்.

நம்ம நாட்டில் இதற்கு அருகில் இருப்பது கல்கத்தா எஸ்பிளனேடில் உள்ள ஸ்மரணிகா. 1938-ல் கட்டிய டிராமை 2014-ல் மியூசியமாக்கினார்கள். ஒரு பெட்டியில் காபிக்கடை. இன்னொன்றில் பழைய டிக்கெட், தொப்பி, வில்லை எல்லாம் இருக்கிறது. நல்ல முயற்சிதான், குறை சொல்லவில்லை. ஆனால் அது நகராது.

இத்தனை நாள் அது பெரிய குறையாகத் தெரியவில்லை. வெளியே தெருவில் நிஜ டிராம் ஓடியதே! ஆனால் 2024 செப்டம்பரில் மேற்கு வங்கப் போக்குவரத்து அமைச்சர், மைதான்–எஸ்பிளனேடு துண்டை மட்டும் பாரம்பரியப் பாதையாக வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்தப்போவதாக அறிவித்தார். டிராம் ஆர்வலர்கள் எதிர்த்தார்கள். சுற்றுலாவுக்கு ஒரு துண்டு போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். அந்தத் துண்டுக்கு எத்தனை ஓட்டுநர் வேண்டும்? நோனாபுக்கூர் பணிமனையில் எத்தனை பேருக்கு வேலை மிஞ்சும்? அவர்கள் கலைந்துபோனால், பத்து வருஷம் கழித்து அந்தப் பாரம்பரிய வண்டியைப் பழுதுபார்க்க யாரைக் கூப்பிடுவது? கிரிச்சில் தெரியாத வேலையைப் பலர் வயசான பிறகு கற்றுக்கொண்டார்கள். கல்கத்தாவில் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் ஸ்மரணிகாவுக்குப் பிறகு போகலாம், டிராம் ஓடுகிறதா என்று முதலில் விசாரியுங்கள். ஓடினால் முன்பக்கமாக ஏறி, ஓட்டுநரின் கையைப் பார்த்துக்கொண்டே கொஞ்சதூரம் போய்வாருங்கள்.