தீயிலிருந்து குளிர்

மன்னார்த் தீவில் பேசாலையும் தலைமன்னாரும் மீன்பிடிக்குப் பெயர்பெற்ற ஊர்கள். கரைசேர்ந்த மீன் வெயிலில் சில மணி நேரத்திற்குள் கெடத் தொடங்கிவிடும். கொழும்புச் சந்தையோ நெடுந்தொலைவில் உள்ளது. ஐஸ் இருந்தால் மீன் நல்ல விலை பெறும். இல்லையேல் வந்த விலைக்கு விற்கவோ கருவாடாக்கவோ நேரும். ஆகவே இக்கரையில் குளிர் என்பது ஆடம்பரமன்று, பிழைப்பு.

குளிரை உண்டாக்க மின்சாரந்தான் வேண்டும் என்பதில்லை, தீயும் போதும். 1859ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டவரான பெர்டினான் கரே, அமோனியாவும் நீரும் கொண்டு இயங்கும் குளிர் இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். 1922இல் சுவீடனில் மாணவர்களாயிருந்த பிளாட்டன், மண்டர்ஸ் இருவரும் அசையும் உறுப்பே இல்லாத குளிர்பெட்டியை அமைத்தனர். மின்சாரம் எட்டாத ஊர்களில் மண்ணெண்ணெய்ச் சுடரால் இயங்கிய குளிர்பெட்டிகள் அவ்வழி வந்தவையே.

இதன் தத்துவம் எளியது. குளிர்ந்த நீர் அமோனியா வாயுவைப் பெருமளவில் உட்கொள்ளும்; சூடேற்றினால் வெளிவிடும். இக்கரைசலைக் கொதிகலனில் காய்ச்சும்போது அமோனியா ஆவியாகப் பிரிகிறது. அவ்வாவி திரவமாக்கப்பட்டு, மறுபடியும் ஆவியாகுங்கால் சுற்றிலுமுள்ள வெப்பத்தைக் கவர்கிறது. அதுவே குளிர். பின்னர் அதனை நீர் உட்கொள்ள, சுற்றுத் தொடர்கிறது.

எனவே கொதிகலன் ஏற்கும் வெப்பத்தின் அளவைப் பொறுத்ததே குளிரின் அளவு. அங்கு வெப்பம் மூன்று தடைகளைக் கடக்கவேண்டும்: சுடர்வாயுவிலிருந்து சுவருக்கு, சுவரினூடே, சுவரிலிருந்து கரைசலுக்கு. செம்பு, எஃகைவிடப் பல மடங்கு நன்றாக வெப்பங்கடத்துமே, அதனைக் கொள்ளலாகாதா என்று கேட்கலாம். அமோனியாக் கரைசல் செம்பை அரித்துவிடும். எஃகால் பெரும் நட்டமுமில்லை. மெல்லிய எஃகுச் சுவர் சிறு தடையே. கொதிக்கும் கரைசலும் வெப்பத்தை எளிதில் ஏற்கும். பெருந்தடை வாயுப் பக்கத்திலேயே உள்ளது. சுவரை ஒட்டிய வாயுப்படலம் போர்வைபோல் வெப்பத்தை மறிக்கிறது.

இதற்குப் பரிகாரம் மூன்று. சுவரின் வெளிப்புறத்தில் தகடுகளைப் பொருத்தி வாயு படும் பரப்பை மிகுவிக்கலாம். புகைக்குழாயினுள் முறுக்கிய தகடொன்றை இட்டால் வாயு சுழன்று சென்று படலத்தைக் கலைக்கும். மண்ணெண்ணெய்க் குளிர்பெட்டியின் குழாயில் தொங்கும் தகட்டின் பணி இதுவே. துப்புரவு செய்தபின் அதனை மீண்டும் இடாவிட்டால் வெப்பம் வீணே வெளியேறும், பெட்டி குளிராது. மூன்றாவது, கரியை அகற்றுதல். கரிப்படிவு வெப்பத்தை அரிதாகவே கடத்தும். ஆயினும் எதற்கும் எல்லையுண்டு. தடை மிகுந்தால் புகை மேலெழாது, சுடர் மங்கும்.

பயனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ மண்ணெண்ணெய் ஏறத்தாழ 43,000 கிலோயூல் வெப்பந்தரும். 30 பாகை நீரை ஒரு கிலோ ஐஸாக்கச் சுமார் 460 கிலோயூல் வெப்பத்தை அகற்றவேண்டும். கொதிகலன் ஏற்ற வெப்பத்தில் பாதியளவு குளிர் கிடைப்பதாகக் கொண்டால், தீயின் வெப்பத்தில் நூற்றுக்கு 60 பங்கை ஏற்கும் கொதிகலன் 28 கிலோ ஐஸையும், 80 பங்கை ஏற்பது 37 கிலோவையும் தரும். வெப்ப நாடுகளில் மீனும் ஐஸும் சமஎடையாக இருத்தல் நன்று என்பர். அவ்வாறாயின், எரிபொருள் கூடாமலே மேலும் 9 கிலோ மீன் காக்கப்படும்.

மின்சாரம் வந்துவிட்ட இந்நாளிலும், மின்பிறப்பாக்கிகளின் புகையோடு வெளியேறும் வெப்பம் வீணாகிறது. அதனை ஐஸாக்க விரும்புவோர் முதலில் கவனிக்கவேண்டியது, அந்த மெல்லிய வாயுப்படலத்தையே.