அன்பு மட்டும் போதுமா?
நோயாளியைப் பேணும் கலை

திருச்சி புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையின் வாசலில் ஒரு காலை வேளையில் சிறிது நேரம் நின்று பாருங்கள். நோயாளிகள் உள்ளே செல்வதைப் போலவே, சிகிச்சை முடிந்து வெளியே வருவோரும் பலர். உடன் வருபவரின் கையில் ஒரு பை, பையில் மாத்திரைகள், மாத்திரைகளோடு மடித்து வைத்த ஒரு காகிதம். ஆட்டோவில் ஏறிப் பாலக்கரைக்கோ தென்னூருக்கோ, காவிரிப் பாலத்தைக் கடந்து ஸ்ரீரங்கத்துக்கோ சென்றுவிடுகின்றனர். மருத்துவர் தம் பணியை முடித்துவிட்டார். இனி அந்த நோயாளி யார் பொறுப்பு?

நம் பொறுப்பு, வாசகர்களே!

மருத்துவமனையில் இருந்தவரை வேளை தவறாமல் ஒரு செவிலியர் வந்து நாடி பார்த்தார், காய்ச்சல் பார்த்தார், புரட்டிப் படுக்க வைத்தார், எழுதியும் வைத்தார். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கண்காணிப்பு நின்றுபோகிறது. அதன் இடத்தில் நாம் வைப்பது அன்பு. அன்பு உயர்ந்ததுதான். ஆயினும் அறிவு துணை நில்லாத அன்பு சில வேளைகளில் நோயாளிக்கே தீங்காய் முடிகிறது. பக்கவாதத்தில் படுத்திருக்கும் அத்தாவுக்குப் படுத்த நிலையிலேயே கஞ்சி புகட்டுவதும், சர்க்கரை நோயுள்ள அம்மாவின் மரத்துப்போன காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதும் அன்பினால்தான். அந்தக் கஞ்சி நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா. அந்த ஒத்தடம் கொப்புளமாகிப் புண்ணானால் காலுக்கே ஆபத்து.

நோயாளியைப் பேணுவது முறையாகக் கற்க வேண்டிய ஒரு கலை. செவிலியர் பட்டப் படிப்பு நான்காண்டுகள். ‘மருத்துவ - அறுவைச் செவிலியம்’ என்று நெடுங்காலம் வழங்கிவந்த பாடம், 2021ஆம் ஆண்டின் புதிய பாடத்திட்டத்தில் ‘வயது வந்தோர் நலச் செவிலியம்’ என்று பெயர் மாறியுள்ளது. அந்தப் பாடம் முழுவதையும் நாம் கற்க இயலாது. ஆனால் அதன் சாரத்தில் ஒரு பகுதி ஒவ்வொரு இல்லத்துக்கும் வேண்டும்.

இது நமக்குப் புதிய கலையுமன்று. அகழ்ப் போரில் காயமுற்ற ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்களுக்கு மஸ்ஜிதுந் நபவியில் கூடாரம் அமைக்கச் செய்தார்கள் பெருமானார் (ஸல்) அவர்கள். காயமுற்றோருக்குப் பணிவிடை செய்த ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணியின் பெயரை வரலாறு பாதுகாத்து வைத்திருக்கிறது. பிற்காலத்தில் 1854இல் துருக்கியின் உஸ்குதாரில் இருந்த படைமுகாம் மருத்துவமனைக்கு வந்த ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல், தூய்மையையும் குறிப்பெழுதும் பழக்கத்தையும் செவிலியத்தின் அடிப்படைகளாக்கினார்.

ஒரு குறிப்பேடு

முதல் வேலை மிக எளியது. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். காலையும் மாலையும் நோயாளியின் உடல் வெப்பம், நாடித்துடிப்பு, மூச்சு, இரத்த அழுத்தம் ஆகியவற்றை எழுதுங்கள். ஓய்வாக இருக்கும் பெரியவருக்கு நாடி நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை. மூச்சு 12 முதல் 20 வரை. இரத்த அழுத்தம் 120/80 அளவில். உண்ட உணவு, பருகிய நீர், கழிந்த சிறுநீர், கொடுத்த மாத்திரை, கொடுத்த நேரம் இவையும் அதில் ஏறட்டும்.

இதனால் என்ன பயன்? “நேற்றிலிருந்து ஒரு மாதிரி இருக்கிறார்” என்று சொன்னால் மருத்துவருக்கு ஒன்றும் விளங்காது. “நேற்றுக் காலை மூச்சு 18, இன்று காலை 28” என்று சொன்னால் அவர் உடனே எழுந்து வருவார். மருத்துவமனையில் கொடுத்த டிஸ்சார்ஜ் காகிதத்தையும் இந்த நோட்டிலேயே ஒட்டி வையுங்கள். விளங்காத வரிகளை வீடு திரும்புமுன் செவிலியரிடமே கேட்டுத் தெளியுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

பக்கவாதம்: நேரமே மருந்து

முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தளர்ந்து விழுதல், பேச்சுக் குழறுதல் - இம்மூன்றில் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் பக்கவாதம் என்றே கருதி 108ஐ அழையுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இரத்தக் கட்டினால் வந்த பக்கவாதமாயின், அதைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஸ்கேன் எடுத்துப் பார்த்த பின்னரே அதைப் போட இயலும் என்பதால், ஸ்கேன் வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கே நேரே செல்வது நல்லது. வாயில் தண்ணீரோ மாத்திரையோ கொடுக்க வேண்டாம். ஓதிப் பார்ப்பதும் துஆச் செய்வதும் ஆம்புலன்ஸிலும் செய்யலாம். அதற்காகப் புறப்படுவதைத் தாமதிக்க வேண்டாம்.

வீடு திரும்பியபின், உணவு கொடுக்கும்போது நன்கு நிமிர்த்தி உட்கார வையுங்கள். உண்டபின் அரைமணி நேரமாவது அப்படியே இருக்கட்டும். உண்ணும்போது இருமினாலோ, குரல் ஈரமாகக் கரகரத்தாலோ நிறுத்திவிட்டு மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

படுக்கைப்புண்

படுத்த படுக்கையாய் இருப்பவரின் பெரும்பகை இது. எலும்பு துருத்தும் இடங்களில், அதாவது இடுப்பின் பின்புறம், குதிகால், தோள்பட்டை, பின்தலை ஆகியவற்றில் உடலின் பாரம் அழுத்த, இரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தசை அழிகிறது. சிவந்த இடத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது வெளுக்காமல் சிவப்பு அப்படியே நின்றால் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். கறுத்த மேனியில் சிவப்புத் தெரியாது. நிறமாற்றம், சூடு, தடிப்பு இவற்றைக் கவனிக்க வேண்டும்.

இரண்டு மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைப்பதே இதற்குக் காப்பு. மாற்றும்போது இழுக்காதீர்கள், அடியில் விரித்த துணியோடு இருவர் தூக்கி நகர்த்துங்கள். ஈரம் தங்க விடாதீர்கள். சிவந்த இடத்தைத் தேய்த்துவிடாதீர்கள். ஏர் பெட் வாங்கிவிட்டோம் என்று பக்கம் மாற்றுவதை நிறுத்திவிடவும் கூடாது.

சர்க்கரையும் நோன்பும்

இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு நோயாளிகள் என்று 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு கூறுகிறது. பெரியவர்களில் இது 11.4 சதவீதம். நம் வீடுகளிலும் இதற்குக் குறைவிராது.

ஒவ்வோர் இரவும் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் பாருங்கள். உணர்வற்ற காலில் முள் தைத்தாலும் அவருக்குத் தெரியாது. உளூச் செய்தபின் விரலிடுக்கு ஈரத்தைத் துடைத்துவிடுங்கள். வெறுங்காலோடு நடக்கவிடாதீர்கள்.

வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சில் தடுமாற்றம் இவை சர்க்கரை குறைவதன் அடையாளங்கள். அளவு 70க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். நினைவு தப்பியவருக்கு வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, உடனே மருத்துவமனைதான்.

ரமளானில் இந்தக் கவனம் இரு மடங்காக வேண்டும். நோன்பு வைக்கலாமா என்பதை ஆறு வாரங்களுக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள்; இன்சுலின், மாத்திரைகளின் அளவையும் நேரத்தையும் அவர் மாற்றித் தருவார். விரல் நுனியில் இரத்தம் சோதிப்பதால் நோன்பு முறியாது என்று மார்க்க அறிஞர்கள் விளக்கியுள்ளனர். அளவு 70க்குக் கீழிறங்கினாலோ 300க்கு மேலேறினாலோ நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்பது மருத்துவர்களின் அறிவுரை. நோயாளிக்கு அல்லாஹ் அளித்த சலுகையைக் குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்திலேயே காண்கிறோம். அதை ஏற்றுக்கொள்வது ஈமானின் குறைவாகாது.

அறுவைக்குப் பின்

“ஆபரேஷன் உடம்பு, அசையாமல் படுத்திரு” என்பது நம் பாட்டிமார் சொல். இன்றைய மருத்துவம் நேர்மாறாகச் சொல்கிறது. மருத்துவர் அனுமதித்ததும் எழுந்து நடப்பது காலில் இரத்தம் உறைவதைத் தடுக்கும். ஆழ்ந்து மூச்சிழுப்பது நுரையீரலைக் காக்கும். வயிற்றில் தையல் உள்ளவர் இருமும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டால் வலி குறையும். தையலைத் தொடுமுன் சோப்பிட்டுக் கை கழுவுங்கள். மஞ்சளோ எண்ணெயோ தடவ வேண்டாம். சீழ், பரவும் சிவப்பு, காய்ச்சல் ஆகியவையோ, ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கமும் வலியுமோ கண்டால் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் 108ஐ அழையுங்கள்.

பேணுபவரைப் பேணுவது யார்?

இனி நாம் பேசத் தயங்கும் ஒன்றைப் பேசுவோம். மேற்சொன்ன வேலைகளையெல்லாம் பெரும்பாலும் செய்வது ஒரே ஒரு பெண். மனைவி, மகள் அல்லது மருமகள். இரவு இரண்டு மணிக்குப் புரட்டிப் படுக்க வைப்பவளும் அவளே. காலையில் அடுப்புப் பற்ற வைப்பவளும் அவளே. ஸ்ரீரங்கத்து வீதிகளில் பிள்ளைகள் அமெரிக்காவிலும், நம் தெருக்களில் பிள்ளைகள் வளைகுடாவிலும் இருக்க, இரு சமூகத்து முதியோரையும் இத்தகைய ஒற்றைக் கைகளே தாங்குகின்றன.

நோயாளியை நலம் விசாரிப்பது நம் கடமைகளுள் ஒன்று. அதை நிறைவேற்றும் முறையைச் சிறிது மாற்றிக்கொள்வோம். பத்துப் பேர் கூடிச் சென்று, இனிப்பு கொடுத்து, அந்தப் பெண்ணைத் தேநீர் போட வைத்துத் திரும்புவதற்குப் பதிலாக, ஒருவர் சென்று, “இரண்டு மணி நேரம் நான் பார்த்துக்கொள்கிறேன், நீ தூங்கம்மா” என்று சொல்லட்டும். ஆண்களும் முறைவைத்துச் செய்யட்டும். தந்தையைத் தூக்கிப் படுக்க வைக்கும் மகனின் கை குறைந்துவிடாது.

உதவியும் இருக்கிறது. இரத்த அழுத்த, நீரிழிவு மருந்துகளை வீட்டுக்கே கொண்டு சேர்க்கவும், படுக்கையில் இருப்போருக்கு இயன்முறைச் சிகிச்சையும் வலி தணிக்கும் பராமரிப்பும் அளிக்கவும் 2021 ஆகஸ்டு 5 அன்று தமிழக அரசு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தொடங்கியது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இத்தகைய உதவிகளைக் கேட்டறியுங்கள்.

இன்னொன்றும் உண்டு. நம் வீட்டுப் பெண்களுக்குப் பெண் செவிலியரே வேண்டும் என்கிறோம். நம் மகளை அப்படிப்புக்கு அனுப்பத் தயங்குகிறோம். இரண்டும் எப்படிப் பொருந்தும்? ருஃபைதா (ரலி) அவர்களின் பெயரைப் பெருமையோடு சொல்லும் சமூகம் இதைச் சிந்திக்க வேண்டாமா?

இன்றே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். முதல் பக்கத்தில் நோயாளியின் பெயரையும், அடுத்த பக்கத்தில் இந்த வாரம் எந்த இரவு யாருடைய முறை என்பதையும் எழுதுங்கள். நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் பூரண நலத்தையும், அவர்களைப் பேணுவோருக்கு வலிமையையும் அருள்வானாக! ஆமீன்.