72 மார்க்குக்கு என்ன கிரேடு?

காரைக்காலிலிருந்து வாஞ்சூர் எல்லையைத் தாண்டி, நாகப்பட்டினம் பக்கம் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளுக்குப் பஸ் ஏறும் பிள்ளைகளின் வீட்டில், செமஸ்டர் ரிசல்ட் அன்று ஒரு குழப்பம் வரும். இரண்டு பாடத்திலும் ஏறக்குறைய ஒரே மார்க். கிரேடு மட்டும் வேறு வேறு. திருத்தியவர் மேல் சந்தேகப்பட வேண்டாம். காரணம், பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறை.

ஒரு பாடத்தில் மாணவர் எண்ணிக்கை 30-க்குள் என்றால் கோடு முன்பே போட்டாகிவிட்டது: 91 முதல் ‘ஓ’, 81 முதல் ‘ஏ பிளஸ்’ என்று. 30-ஐத் தாண்டினால் சக மாணவர்களின் மார்க்கை வைத்துத்தான் கோடு.

கணக்கு இதுதான். பாடத்தின் சராசரி 60, திட்ட விலக்கம் 8 என்று வையுங்கள். 72 வாங்கியவர் சராசரிக்கு ஒன்றரை விலக்கம் மேலே. இயல்நிலைப் பரவலின்படி நூற்றில் 93 பேர் அவருக்குக் கீழே. சராசரி 76 என்றால் அதே 72-க்குக் கீழே 31 பேர்தான். வினாத்தாள் கடினமாக வந்த வருஷத்துப் பிள்ளைகளுக்கு இது நியாயம்தான்.

ஆனால் மார்க்குகள் தாமாக மணி வடிவத்தில் வந்து உட்காருவதில்லை. தேர்ச்சி பெற்றவர்களை மட்டும் கணக்கில் எடுப்பதால் வளைவின் இடது முனை 50-லேயே வெட்டுப்பட்டுவிடுகிறது. அதற்காகத்தான் பாக்ஸ், காக்ஸ் என்ற இருவர் 1964-இல் தந்த உருமாற்றத்தைக் கிரேடு போடும் மென்பொருள் பயன்படுத்துகிறது. கோணலான பரவலை அது ஓரளவு நிமிர்த்தும். யாரும் யாரையும் முந்திவிட முடியாது. வரிசை அப்படியே இருக்கும், கோடு விழும் இடம்தான் நகரும். ஆனால் நன்றாகப் படிப்பவர் ஒரு கூட்டம், தட்டுத்தடுமாறித் தேறுபவர் ஒரு கூட்டம் என்று வகுப்பு இரண்டாகப் பிரிந்து கிடந்தால், இந்த உருமாற்றம் அதை ஒற்றை மணியாக்கிவிடாது.

எனக்கு உறுத்துவது சிறிய எண்ணிக்கைதான். 32 பேரில் இரண்டு விலக்கத்துக்கு மேலே எத்தனை பேர் என்று வளைவைக் கேட்டால் 0.7 என்கிறது, ஒரு ஆள்கூட முழுசாகத் தேறவில்லை! அந்த அளவில் ஒருவர் நன்றாக எழுதினாலோ சொதப்பினாலோ எல்லோருடைய கோடும் அசையும். மார்க் பட்டியலில் பெரிய இடைவெளி எங்கே விழுகிறது என்று பார்த்து, பாடம் நடத்தியவரே கோடு போடுவது இதைவிட மேல்.

அரியருக்கு மட்டும் வளைவைக் குறை சொல்ல முடியாது. 50-க்குக் கீழே போனால் தேறாதவருக்கான ‘யு’தான், பக்கத்து பெஞ்சுக்காரர் எவ்வளவு வாங்கினாலும் அது மாறாது.