அயல் வைஃபை யாருடையது?

கைப்பேசியிலே வைஃபைப் பட்டியலைத் திறந்தால், நம் வீட்டுப் பெயருடன் நாம் முன்பின் அறியாத பெயரொன்றும் தோன்றுவதுண்டு. அதற்குரியவர் யாவர் என அறியும் வழிகளையும், அவ்வழிகளின் எல்லையையும் யாம் ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

முதலாவது, பெயர். உரியவர் தாம் விரும்பிய பெயரை இடலாம். மாற்றாது விட்டால் கருவி செய்தவர் அல்லது இணைப்பளித்த நிறுவனத்தின் பெயரே நிற்கும். ஆதலின் பெயர் ஒரு குறிப்பேயன்றிச் சான்றாகாது.

இரண்டாவது, கருவியின் எண். ஒவ்வொரு ரூட்டரும் 48 பிட் அளவுள்ள எண்ணொன்றை இடைவிடாது ஒலிபரப்புகின்றது. அதன் முற்பாதி பெரும்பாலும் கருவியைச் செய்தவரைக் காட்டும், வாங்கியவரைக் காட்டாது.

மூன்றாவது, அலையின் வலிமை. இதனை அளந்து காட்டும் செயலிகள் உள. அண்மையில் −40 எனவும், சேய்மையில் −80 எனவும் டெசிபெல் கணக்கில் காட்டும். பத்துக் குறையுந்தோறும் ஆற்றல் பத்திலொன்றாகும். எனவே −80 என்பது −40இன் பதினாயிரத்தில் ஒரு பங்கே. வலிமை மிகும் திசை நோக்கி நடந்தால் ரூட்டர் இருக்குமிடம் ஒருவாறு புலப்படும். எனினும், அமராவதிபுதூர் போன்ற செட்டிநாட்டூர்களிலே இவ்வளவை மயங்கச் செய்வன வீடுகளே. தடித்த சுவர்கள் அலையைத் தடுக்கும். திறந்த வளவும் வாயிலும் அதற்கு வழிவிடும். ஒரு தெருவிலே முகப்பும் மறுதெருவிலே பின்வாயிலும் உடைய வீட்டின் அலை, எதிர்வீட்டினது போலத் தோன்றவுங்கூடும்.

உரியவர் பெயர் இணைப்பளித்த நிறுவனத்தின் ஏட்டிலே உளது. அதனைச் சட்டப்படி விசாரிப்போரே கேட்டுப் பெறலாம். அப்பெயரும் முடிவன்று. 2008 ஜூலை 26இல் அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சிறிது முன்னர் வந்த மின்னஞ்சலின் தடம், நவி மும்பையில் குடியிருந்த அமெரிக்கர் ஒருவரின் இணைப்பிற்குச் சென்றது. அவர் விசாரணைக்கு உள்ளானார். ஆனால் அவருடைய வைஃபையைப் பிறர் பயன்படுத்தினர் எனப் போலீசார் பின்னர்க் கண்டனர். இணைப்பிற்கு உரியவர் வேறு, அதனைக் கையாண்டவர் வேறு என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

ஆகவே, அலையைக் கொண்டு அயலாரை ஐயுறுதல் தகாது. ஐயம் எழுந்தால் நேரே சென்று வினவுதலே எளிய வழி. பிறர் இணைப்பில் இசைவின்றி நுழையாமையும், நம் இணைப்பை நெடிய கடவுச்சொல்லால் பூட்டி வைத்தலும் நம் கடன்களாம். வீட்டுக் கதவைத் தாழிடும் நாம், சுவர் கடந்து செல்லும் இவ்வாயிலைத் திறந்து வைத்தல் முறையாகுமோ?